இருநூற்றுப் பதினேழு கிலோ

கோட்கா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள்
உட்கார்ந்திருப்பவள் நான்.
இரண்டு விரல் அசைத்தால்
முப்பது டன் பெட்டி கப்பலை விட்டு எழும்,
ஏன் எழுகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்காமல்.
வீட்டுக் கராஜில்
இருநூற்றுப் பதினேழு கிலோ
சங்கிலிக்கு எண்ணெய் காட்டக்கூட
எழ மாட்டேன் என்கிறது.

நடு ஸ்டாண்டு இல்லாத வண்டி.
எவனோ ஒரு பொறியாளன் மிச்சம் பிடித்த மூன்று கிலோ
இத்தனை வருடம் கழித்து
என் குறுக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மலிவாகத்தான் தொடங்கினேன்.
சௌனா அடுப்புக்குப் பிளந்த பிர்ச் கட்டை ஒன்று,
காரின் ஜாக்கி ஒன்று.
எடை எங்கே குவிகிறது என்று தெரியாமல் தூக்காதே:
புதிதாக வருகிறவர்களுக்கு
நானே சொல்லிக்கொடுக்கும் விதி.
தூக்கினேன். நின்றது.
ஸ்பானர் எடுக்கத் திரும்பினேன்.
டேங்கில் இப்போது ஒரு குழி,
கஞ்சிக் கரண்டி அளவு.
மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது.

அப்புறம்தான் அளவு நாடாவை எடுத்தேன்.
ஹைட்ராலிக் மேசை இரண்டேகால் மீட்டர் நீளம்.
என் கராஜில் ஏற்கெனவே
பனிச்சறுக்குக் கட்டைகள், குளிர்காலச் சக்கரங்கள்,
அண்ணன் தந்த மூஸ் இறைச்சி நிரம்பிய உறைபெட்டி.
மேசையை உள்ளே வைத்து வண்டியை ஏற்றினால்
நான் வெளியே நின்றுதான் பழுது பார்க்க வேண்டும்.
விலையைப் பார்த்தேன்.
மேலே ஒரு வண்டியும் சேர்த்துத் தருகிறார்களோ
என்று தோன்றியது.

கத்தரி ஜாக்கி நல்லதுதான்.
ஆனால் வயிற்றுக்கடியில்
நான்கு புகைக்குழாய்கள் வளைந்து ஓடுகின்றன.
எலும்பு தேடிக் கையை விட்டால்
எங்கும் குடல்.

மிஞ்சியது பின்சக்கர ஸ்டாண்டு.
இரண்டு கை, இரண்டு சில்லு, ஒரு நெம்பு,
அறுபத்து நான்கு யூரோ.
யாருக்கு வாங்குகிறீர்கள் என்றார் கடைக்காரர்.
வண்டிக்கு என்றேன்.
பெட்டியில் போட்டிருந்தது: ஒரே ஆள் போதும்.
எந்த ஆள் என்று போடவில்லை.
படத்தில் இருந்தவனுக்குக் கதவு அகலத் தோள்.

பக்க ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி,
இடது கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு,
வலது காலால் ஸ்டாண்டை உள்ளே தள்ளி...
அந்த நொடி இருக்கிறதே,
வண்டி எதன் மேலும் சாயாமல் நிற்கிற நொடி,
அதற்கு எந்தக் கடையிலும் சாமான் இல்லை.
என் உயரம் ஒன்றரை மீட்டர்.
ஸ்டாண்டு ஒரு வாரம் சுவரோரம் கிடந்தது.

உறைபனிக்கு இன்னும் நாலைந்து நாள்தான் என்றார்கள்.
இரவுப் பணியில் கூண்டிலிருந்து கீழே பார்த்தேன்.
கடுகளவு ஆரஞ்சுச் சட்டை:
அப்திரஷீத்.
அவன் விரல் சுழன்றால் என் சுமை ஏறும்,
உள்ளங்கை விரிந்தால் நிற்கும்.
ஆறு வருடமாக இப்படித்தான்.
நேருக்கு நேர் பேசியது
சாப்பாட்டு அறையில் உப்பு கேட்டது மட்டும்
என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான்,
டப்பா நிறைய சம்பூசாவோடு.
ஹேண்டிலைப் பிடி என்றேன். தலையாட்டினான்.
ரப்பர்த் தாங்கிகளைப் பொருத்தி
நெம்பில் கை வைத்து நிமிர்ந்தால்,
ஒரு கை ஹேண்டிலில் பேருக்குக் கிடக்க
மறு கையை உயர்த்தி
விரலைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான்:
மெதுவாக. மேலே.
பிடிடா என்று கத்தினேன்.
இரண்டு கையாலும் பிடித்தான்.
என்னிடம் இருந்த ஐம்பத்து நான்கு கிலோவையும்
நெம்பின் மேல் போட்டேன்.

சக்கரம் தரையை விட்டது.
ஒரு தீப்பெட்டி உயரம்.
அவன் உள்ளங்கையை விரித்தான்.
நிறுத்தினேன்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டேன்.
எங்கோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது,
விட்டு விட்டு டிக் என்கிறது.
அதைத் தேட வேண்டும்.
அவன் உறைபெட்டி மேல் டப்பாவைத் திறந்து
ஒன்றைக் கடித்து
வீட்டில் உப்பு இருக்கிறதா என்கிறான்.